பூங்காவனத்துக்கு ஒரு பொன்னாடை

டயரை மாற்ற ஜாக்கி இல்லையாம். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இல்லை. எதிரே வருகிற வண்டியை நிறுத்திக் கேட்போம் என்கிறார் கண்டக்டர். எதிரே எது வருகிறது? நாமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஒரு ஆட்டு மந்தை போனது. ஆட்டுக்காரரிடம் ஜாக்கி கேட்க முடியுமா?

நீங்கள் ஜன்னல் பக்கம் வாருங்கள் அம்மா. நான் இந்தப் பக்கம் உட்காருகிறேன், எழுந்து நிற்க வசதியாக இருக்கும். இன்றைக்கு என்னவோ ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை.

மேல்சிறுவளூர் இன்னும் எவ்வளவு தூரம்? நீங்கள் அதற்கும் அடுத்த ஊரா. அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பூங்காவனம் என்று ஒருத்தி. நல்ல உயரம். முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கும், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். கடலை மில்லில் வேலை பார்த்தவள். தெரியாதா? போகட்டும், ஊரில் இறங்கிக் கேட்டால் காட்டமாட்டார்களா.

அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் அவள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். ஆடு மாதிரி என்று சொல்லக்கூடாது, ஆனால் அப்படித்தான். முன்னால் போகிற ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். நாளைக்கு மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். வகுப்பு நிறைந்திருந்தால் மையம் நடக்கும். நாற்காலிகள் காலியாக இருந்தால் மூடிவிடுவார்கள். மூடுவதற்கென்றே வருகிறார்கள் என்றுகூடப் பேச்சு. இன்றைய நிலவரத்தில் வகுப்பில் நானும் பொம்மையும்தான் இருக்கிறோம்.

எந்தப் பொம்மையா? சொல்கிறேன்.

நான் இப்படிப் பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் யாரும் இப்படி இலக்கணமாகப் பேசமாட்டார்கள், தெரியும். கல்லூரியில் தமிழ் நடத்தி நடத்தி நாக்கு இப்படியே படிந்துவிட்டது. என் தம்பி மனைவி கேலி செய்வாள்: "அண்ணி மோர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள மோர் புளிச்சுப் போயிரும்." கல்லூரியில் ஆட்குறைப்பு வந்தது. தமிழைத்தான் முதலில் குறைத்தார்கள். அதற்குப் பிறகு கிடைத்தது இந்த வேலை. டவுனில், ஒரு சிமெண்ட் கடைக்கு மேல் மாடியில் தொழிற்பயிற்சி மையம். எல்லோரும் வயது வந்த பெண்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், கல்யாணம் ஆனவர்கள், பேரன் எடுத்தவர்கள்கூட உண்டு. நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிற வேலை கற்றுக்கொடுக்கிறோம். படித்து முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும். வெயிலில் குனிய வேண்டாம். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே.

மருத்துவப் பாடம் சலோமி சிஸ்டர் நடத்துவார். பெரிய ஆஸ்பத்திரியில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். மீதி எல்லாம் நான். பேசப் பழக்குவது, பயத்தைப் போக்குவது, ஊக்கப்படுத்துவது. முக்கியமாக ஊக்கப்படுத்துவது. வயது வந்தவர்களை உட்காரவைத்துப் படிக்கவைப்பது சாதாரணம் இல்லை அம்மா. சின்னப் பிள்ளையை அதட்டலாம். இவர்களை அதட்டினால் மறுநாள் களை வெட்டப் போய்விடுவார்கள். மனதைத் தொட வேண்டும். எனக்கு அது வரும்.

தினமும் காலையில் எல்லோரையும் எழுந்து நிற்கவைப்பேன். கண்ணை மூடச் சொல்வேன். நெஞ்சில் கைவைத்து, யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள் என்பேன். பிறகு "முடியும், முடியும், முடியும்" என்று கைதட்டச் சொல்வேன். சிமெண்ட் கடைக்காரர் கீழேயிருந்து ஆள் விட்டுக் கேட்டார், மேலே என்ன பஜனையா என்று. முதல் வாரத்தில் அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பூங்காவனத்தின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். பேசினால் தொண்டை காய்கிறது. உங்களுக்கு? வேண்டாமா? இந்த வெயிலில் ஒரு வாய்கூட வேண்டாமா? ஏன் யாருமே தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறீர்கள்? இந்தப் பாட்டிலைப் பாருங்கள். "முடியும்" என்று எழுதியிருக்கிறது இல்லையா? நான்தான் எழுதச் சொன்னேன். ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். மேசைமேல் வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் அப்படியே நிறைந்த பாட்டிலோடு வீட்டுக்குப் போவார்கள். ஒருத்தி, அஞ்சலாட்சி என்று பெயர், வாய்த்துடுக்கானவள், அவள் சொல்கிறாள்: "மேடம், அடுத்த தபா குடுக்கிறதா இருந்தா வாளி குடுங்க மேடம், ஊட்டுக்காச்சும் ஆவும்." எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். வளர்ந்த பெண்கள், கொஞ்சம் விளையாட்டு இருந்தால்தான் வகுப்பு ஓடும்.

ஆனால் பதினோரு மணியானால் முகம் மாறும். அதுதான் எனக்குப் புரியவில்லை. காலையில் அப்படிக் கைதட்டியவர்கள், பதினோரு மணிக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு. நான் பெரிய பெரிய மனிதர்கள் பட்ட கஷ்டங்களைச் சொல்கிறேன். தோற்றுத் தோற்று எழுந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். கேட்பதில்லை. கதையின் உச்சத்தில் ஒருத்தி எழுந்திருப்பாள். "மேடம், ஒரு நிமிசம்." அவளுக்குத் துணைக்கு இன்னொருத்தி. அவர்கள் திரும்பி வருவதற்குள் கதை ஆறிப்போய்விடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். எங்கே என்றால், "பஸ்ஸுக்குப் போய்ட்டாங்க மேடம்." ஏன் என்றால், "சும்மாதான் மேடம்."

சும்மாதான். இந்த வார்த்தைக்குத் தமிழில் நான் எத்தனையோ பொருள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இவர்கள் சொன்ன பொருள் எனக்குத் தெரியவில்லை.

என்ன கேட்கிறீர்கள்? அங்கே பெண்கள் ஒதுங்க எங்கே போவார்கள் என்றா? இருக்கிறதே, கீழே. கடைக்குப் பின்னால் இருக்கிறது. பூட்டியிருக்கும். திறந்துபோட்டால் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாம் நாசம் பண்ணிவிடுகிறார்கள் என்று கடைக்காரர் பூட்டிவைத்திருக்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தானே. சாவி கல்லாவில் தொங்கும். தொலைந்துபோகக் கூடாது என்று அதில் ஒரு முழ நீளத்துக்குக் கட்டை ஒன்றைக் கட்டியிருக்கிறார். போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு கடை வழியாக நடந்து போக வேண்டியதுதான். கடையில் மூட்டை இறக்குகிற ஆட்கள் நிற்பார்கள். ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தால் என்ன? நாளைக்கு ஆஸ்பத்திரியில் நூறு ஆண்களுக்கு நடுவே வேலை செய்யப்போகிறவர்கள், ஒரு சாவியைக் கேட்கக் கூச்சப்பட்டால் எப்படி? இதையும் வகுப்பில் சொன்னேன். தன்னம்பிக்கை என்ற தலைப்பில்.

எனக்கா? நான் இரண்டாவது மாடியில் கடைக்காரர் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த அம்மாவுக்கு என்மேல் பிரியம். பெண்ணுக்குப் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறீர்கள்?

வெயில் ஏறிக்கொண்டே போகிறது. நான் கொஞ்சம் நிற்கிறேன். இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் கிளம்பியது. மையத்துக்குப் போய் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். கடைக்காரர் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், பூட்டிக் கிடந்தது. பரவாயில்லை, பூங்காவனம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். இப்படி நடுவழியில் டயர் வெடிக்கும் என்று யார் கண்டது?

பொம்மையைப் பற்றிக் கேட்டீர்கள். பாடத்துக்காக ஒரு கட்டில் போட்டு, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மையைப் படுக்கவைத்திருக்கிறோம். அதற்கு வெள்ளை விரிப்பு, போர்வை, தலையணை எல்லாம் உண்டு. சிஸ்டர் அதை வைத்துத்தான் நடத்துவார். ஒரு நாள் பெட்பேன் பாடம். படுக்கையில் கிடக்கிற நோயாளியை எப்படிப் புரட்டுவது, பாத்திரத்தை எப்படி அடியில் வைப்பது, போர்வையால் எப்படி மறைப்பது. சிஸ்டர் அழகாகச் சொல்வார். "நோயாளி அவசரம்னு சொன்னா கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடணும். இரு வர்றேன்னு சொல்லக்கூடாது. அடக்க வெச்சா வெட்கம் மட்டும் இல்ல, நோய் வரும். காய்ச்சல் வரும், நடுக்கம் வரும், சிறுநீரகம் வரைக்கும் போகும்." எல்லோரும் அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். என் வகுப்பில் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்போது இந்த அஞ்சலாட்சி கையைத் தூக்குகிறாள். சந்தேகம் கேட்கப்போகிறாள் என்று பார்த்தால், "பொம்மைக்குக் குடுத்து வெச்சிருக்குது சிஸ்டர். படுத்த எடத்துக்கே வருது!"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள். இதுவா ஒழுக்கம்? நோயாளியைக் கேலி செய்யலாமா? பொம்மையாக இருந்தாலும் நாம் அதை நோயாளி என்றுதானே நினைக்க வேண்டும்? நான் கண்டித்தேன். சிஸ்டர் சிரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். நீங்கள் இப்போது பார்த்தீர்களே, அப்படி.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இவர்களை இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று. தண்டனையால் இல்லை. பாராட்டால். அட்டையில் நட்சத்திரம் வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டி, பின்னூசி வைத்துக் கொண்டுவந்தேன். காலையில் உட்கார்ந்ததிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் ஒரு தடவைகூட எழுந்து போகாதவர்களுக்கு அந்த நட்சத்திரத்தைப் புடவையில் குத்திவிடுவேன். எல்லோரும் கைதட்ட வேண்டும். விடாமுயற்சி நட்சத்திரம் என்று பெயர் வைத்தேன். சொல்லுங்கள், எந்தப் பயிற்சி மையத்தில் இப்படிச் செய்கிறார்கள்? அச்சடித்த பாடத்தை வாசித்துவிட்டுப் போகிறவர்கள்தான் எங்கேயும். நான் வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் நட்சத்திரம் வெட்டினேன், அம்மா. விரல் கொப்பளித்தது.

முதலில் யாரும் மசியவில்லை. பூங்காவனம்தான் ஆரம்பித்தாள். அவளுக்கு ரோஷம் அதிகம். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்தவளாம்; பரிசு தருவதாகச் சொல்லியிருந்தார்களாம்; விழாவுக்கு முன்னாலேயே கல்யாணம் பண்ணிவைத்துவிட்டார்கள். நட்சத்திரத்தைக் குத்தியபோது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மேடம், இத ஊட்டுக்கு எத்தினு போலாமா?" என்று கேட்டாள். கொண்டுபோங்கள் என்றேன். மறுநாளும் அவளுக்கு. அதற்கு மறுநாளும். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள். எழுந்து போவது நின்றது. வகுப்பு வகுப்பாக இருந்தது. நான் கதையை முடிக்கும்வரை ஒரு நாற்காலி சத்தம் இல்லை. அந்த ஒரு வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? இனி அந்தக் கட்டில் இல்லை என்று நினைத்தேன்.

அந்தக் கட்டிலா? அது வேறு கட்டில். கும்பகோணத்தில் தம்பி வீட்டில் மாடிப்படிக்கு அடியில் எனக்கென்று ஒன்று போட்டுவைத்திருக்கிறான். பாசமாகத்தான். "எப்ப வேணா வாக்கா, உன் கட்டில் ரெடி" என்பான். கணவரைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர் இருக்கிறார், எனக்கு இல்லை. அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் யாராவது படியேறும்போதெல்லாம் மார்மேல் ஏறுகிற மாதிரி இருக்கும். குழந்தைகள் ஓடி ஏறும். இரண்டு மாதம் அப்படிப் படுத்திருந்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். மையம் போய்விட்டால் அங்கேதான். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அவர்களுக்கு ஊக்கம் கொடுக்க நான் இருக்கிறேன். எனக்கு?

விடுங்கள். அந்தப் பனைமரத்துப் பக்கம் பாருங்கள், வெட்கம் இல்லாமல். பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லாம் இறங்கி வரிசையாக நிற்கிறார்கள். ஆண்களுக்கு என்ன, ஒரு பனைமரம் போதும். திரும்பிக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன்? ஆமாம். அந்த வாரத்துக்கு முன்னால் ஒரு விசித்திரம் நடந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் பூங்காவனம் என்னிடம் தனியாக வந்தாள். பின்னால் நாலைந்து பேர் கதவுக்கு வெளியே நின்றார்கள். "மேடம், பொம்மை மேல போத்திகிறதுல பழைய பெட்சீட்டு ஒண்ணு இருந்தா குடுங்க மேடம். மொட்ட மாடிக்கு வோணும்." மொட்டை மாடிக்கு எதற்கு பெட்ஷீட்? எனக்குப் புரிந்துவிட்டது. மத்தியானத்தில் காணாமல் போகிறார்களே, அங்கே போய் விரித்துப் படுத்துத் தூங்குகிறார்கள்! "பூங்காவனம், படிக்க வந்த இடத்தில் படுக்கை எதற்கு?" என்றேன். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெளியே நின்றவர்களைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மேடம், சும்மாதான்" என்று போய்விட்டாள். இந்த நாட்டில் வயது வந்தவர்களுக்குக் கல்வி ஏன் ஏறவில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு கட்டுரையே மனதில் ஓடியது.

அப்படிக் கேட்டவளையே நான் நட்சத்திரம் வாங்கவைத்தேன் பாருங்கள். அதுதான் ஊக்கம் என்பது.

கடைசியாக அவள் வந்த அன்றைக்கு நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் பூங்காவனம் எழுந்துவிட்டாள். பூங்காவனமே! "மேடம், ஒரு நிமிசம்" என்றாள். எனக்கு உயிரே போன மாதிரி இருந்தது. அவள் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நான் அவள் தோளில் கைவைத்து, "பூங்காவனம், இவ்வளவு நாள் உட்கார்ந்தீர்களே. இன்னும் கொஞ்ச நேரம். எல்லோரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். என்னைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். வகுப்பே கைதட்டியது. நான்தான் தட்டச் சொன்னேன், ஆனால் தட்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் நட்சத்திரம் குத்தப் போனேன். அவள் உடம்பு நடுங்கியது, அம்மா. தோளைத் தொட்டால் சுட்டது. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. உணர்ச்சிவசப்பட்டால் உடம்பு அப்படித்தான் ஆகும். மேடையில் பரிசு வாங்கும்போது எனக்கும் ஆகியிருக்கிறது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் வரவில்லை. போன் பண்ணினால் மகன் எடுக்கிறான். "அம்மாவுக்கு காய்ச்சல் மேடம். குளுகோஸ் ஏத்தினு கீறாங்க." காய்ச்சல் எல்லோருக்கும் வரும், போகும். நான் தினமும் காலையில் அவளுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். "எழுந்திருங்கள் பூங்காவனம், உங்கள் நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று. கேட்டிருக்கிறாள், நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அவள் போனதும் அஞ்சலாட்சி வகுப்புக்கு வராமல் நின்றாள். ஒவ்வொருத்தியாக நின்றார்கள். கடைசியில் ஒரு நாள் காலையில் நான் மட்டும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே பொம்மை படுத்திருக்கிறது.

சலோமி சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "மங்கை, நீ ஒரு தடவை போய் அவளைப் பாரு. பேசாத, பாரு" என்றார். மங்கையர்க்கரசி என் பெயர். பேசாமல் எப்படிப் பார்ப்பது? அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. வெறும் கையோடு போகக்கூடாது. பையைத் திறந்து காட்டட்டுமா? பொன்னாடை. நல்ல சரிகை, கனமானது. கல்லூரியில் எனக்குப் பிரிவுபசாரத்தில் போர்த்தியது. அதற்குப் பிறகு பிரிக்கவே இல்லை, மையத்து அலமாரியில் வைத்திருந்தேன். அவளை அவள் ஊரில், அவள் தெருவில், எல்லோரும் பார்க்க நிற்கவைத்துப் போர்த்தப்போகிறேன். விழாவுக்கு முன்னாலேயே கல்யாணம் பண்ணிக்கொடுத்தார்களே, அந்தப் பரிசு இது. பிறகு அவள் வராமல் இருப்பாளா? காய்ச்சலோடாவது வந்துவிடுவாள். பேச்சின் முதல் வரிகூடத் தயார்.

அம்மா, ஒரு நிமிஷம். என்னால் பேச முடியவில்லை.

இல்லை. மயக்கம் இல்லை. அது வந்து... அந்தத் தண்ணீரை நான் குடித்திருக்கக் கூடாது. முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டேன். காலையிலிருந்து. மேல்சிறுவளூருக்கு நடந்தே போய்விடலாமா? நடக்க முடியாது. என்னால் இப்போது ஒரு அடி எடுத்துவைக்க முடியாது.

எங்கே கூப்பிடுகிறீர்கள்? இங்கேயா? வேண்டாம் அம்மா. ஒரு மரம் இல்லை, ஒரு புதர் இல்லை. கடலை பிடுங்கிய வெறும் கொல்லை. அந்த ஆண்கள் எல்லாம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு பீடி பிடிக்கிறார்கள். டிரைவர் நிற்கிறார். நான் கல்லூரியில் நடத்தியவள், அம்மா. என்னால் முடியாது. நான் அடக்கிக்கொள்வேன், எனக்குப் பழக்கம்... எனக்கு எங்கே பழக்கம்?

மெதுவாக. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரப்பு சரிகிறது. அவர்கள் பார்க்கிறார்கள். ஒருவன் சிரிக்கிறான், கேட்டதா? அவன் என்ன சொன்னான்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

அந்தப் பையை ஏன் எடுத்து வந்தீர்கள்? அதைப் பிரிக்காதீர்கள். அது பொன்னாடை அம்மா. அது அவளுக்கு. மண்ணில் படுகிறது, முள் இழுக்கிறது, அதை... சரி. சரி, பிடியுங்கள். இரண்டு கையாலும். இன்னும் கொஞ்சம் உயரமாக. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அம்மா.

இன்னும் மடிக்காதீர்கள். முடிந்துவிட்டது, ஆனாலும் கொஞ்ச நேரம் இப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். நான் எழுந்திருக்கவில்லை. இதற்கு இந்தப் பக்கம் எவ்வளவு நன்றாக இருக்கிறது. சரிகைக்குள்ளே வெயில் தெரிகிறது. யாரும் தெரியவில்லை.

அந்த பெட்ஷீட்டை அவர்கள் தூங்குவதற்குக் கேட்கவில்லை, இல்லையா?

மொட்டை மாடியில் ஒரு மூலை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். மழைத் தண்ணீர் போகிற குழாய் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் அடுத்த வீட்டு மாடிகள். நான் ஒரு தடவை காற்று வாங்கப் போயிருக்கிறேன். அங்கே இரண்டு ஆணி அடித்திருந்தது. எதற்கு இங்கே ஆணி என்று பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். ஆணியைப் பார்த்தேன், அம்மா. ஆணியைக்கூடப் பார்த்தேன்.

அவள் உடம்பு சுட்டது. நான் கட்டிக்கொண்டு கைதட்டச் சொன்னேன்.

ஹாரன் அடிக்கிறார்கள். லாரி ஏதோ நின்றிருக்கிறது, ஜாக்கி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. கொடுங்கள், நான் மடிக்கிறேன். பாருங்கள், ஓரமெல்லாம் முள். சரிகை பிய்ந்துவிட்டது. இங்கே நனைந்தும் இருக்கிறது. இதை இனி யாருக்கும் போர்த்த முடியாது.

நீங்கள் முன்னால் நடங்கள். நான் உங்கள் பின்னாலேயே வருகிறேன்.

இன்னும் அரைமணி நேரத்தில் அவள் வாசலில் நிற்பேன். நாளைக்கு அதிகாரிகள் வருவார்கள். அவள் வராவிட்டால் எனக்கு மாடிப்படிக்கு அடியில் கட்டில் இருக்கிறது, அதைச் சொன்னேன் இல்லையா. நான் கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குளுகோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டாவது வந்து, எல்லோரும் பார்க்க, அதிகாரிகள் போகும்வரை அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நான் உட்காரச் சொன்னால் அவள் உட்காருவாள்.

கூப்பிடாமல் திரும்பிவிடவும் என்னால் முடியாது, அம்மா. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. எனக்கு அந்தக் கட்டில் வேண்டாம்.

அந்த வாசலில் நான் என்ன பேசுவது? காலையில் முதல் வரி தயாராக இருந்தது. இப்போது ஒரு வார்த்தைகூட இல்லை. அவளைப் போன்றவர்களிடம் எப்படிப் பேசுவது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அடுத்த ஊர்தானே.

ஏறுங்கள். ஜன்னல் பக்கம் உங்களுக்குத்தான். உட்கார்ந்து சொல்லுங்கள். இவ்வளவு நேரமும் நானேதான் பேசிக்கொண்டு வந்தேன்.